சாய்கோட்டியல்

முழு முகவரியிலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் செயல் இருவகைப்படும்: எண்ணிப் பிரித்தல், குறி கண்டு பிரித்தல். எண்ணிப் பிரித்தலில் எத்தனையாவது எழுத்து என்பதே அளவுகோல். குறி கண்டு பிரித்தலில் எழுத்துகளின் தொகை பொருட்டல்ல; எந்தக் குறிக்குப் பின், எந்தக் குறிக்கு முன் என்பதே அளவுகோல். அஞ்சல் முகவரியானாலும் இணைய முகவரியானாலும் இவ்விரண்டில் ஒன்றாலோ இரண்டின் கலப்பாலோ பிரிக்கப்படும். பார்த்த மாத்திரத்தில் அறிதல் என்று மூன்றாவது முறையும் உண்டு. அது பல்லாண்டு ஒரே பகுதியில் பணியாற்றிய தபால்காரருக்கு மட்டும் கைவருவது, கணினிக்குக் கைவராதது. ஆகவே அது இங்கே ஆராயப்படவில்லை.

இவ்விரு முறைகளையும் ஒரே சாலையில் காண முடிவது வடசென்னையின் தனிச்சிறப்பு. சென்னைத் துறைமுகத்தை நோக்கி எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களின் மேலுள்ள பெட்டிகள், எண்ணிப் பிரிக்கத்தக்க முகவரிகளைத் தாங்கியவை. அச்சாலைக்கு மேற்கே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் உள்ள வீட்டு வாசல்கள், குறி கண்டு பிரிக்க வேண்டிய முகவரிகளைத் தாங்கியவை. பெட்டி இடம் பெயர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் எண் மாறுவதில்லை. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது; அதன் எண் மாறியிருக்கிறது. இந்த வேறுபாடு சிறிதன்று.

பெட்டியின் எண்ணை முதலில் ஆராய்வது முறை, அது குறையற்றது. ஐஎஸ்ஓ 6346 என்னும் பன்னாட்டுத் தரம் அதற்கு 11 இடங்களை வகுத்திருக்கிறது. முதல் மூன்று இடங்கள் உரிமையாளருக்கு உரியவை; அவ்வெழுத்துகளைப் பதிவு செய்யும் அமைப்பு பாரிஸில் இருக்கிறது. நான்காம் இடம் வகையைச் சொல்வது. சரக்குப் பெட்டியானால் அது 'யூ' என்னும் ஆங்கில எழுத்து. அடுத்த ஆறும் வரிசை எண். கடைசி இடம் சரிபார்ப்பு இலக்கம். அவ்விலக்கத்தைப் பெறும் வழி வருமாறு: எழுத்துகளுக்கு 10 முதல் எண்கள் தரப்படுகின்றன, ஆனால் 11, 22, 33 ஆகியவை தாண்டப்படுகின்றன, முதல் பத்து இடங்களின் மதிப்புகள் 1, 2, 4 என்று இரட்டித்து 512 வரை செல்லும் எடைகளால் பெருக்கப்படுகின்றன, கூட்டுத்தொகையை 11 ஆல் வகுத்த மீதியே இலக்கம். மீதி 10 ஆனால் சுழியம் இடப்படும். துறைமுக வாயிலில் ஓர் எழுத்து தவறாகப் பதியப்பட்டால் பெரும்பாலும் இந்தக் கணக்கே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டு எண்ணுக்கு இத்தகைய சரிபார்ப்பு இலக்கம் எதுவும் ஏற்படுத்தப்படாமல் போனது வருந்தத்தக்கது.

எண்ணிப் பிரிக்கும் முறை அஞ்சலிலும் உண்டு. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணில் ஆறு இலக்கங்கள். முதல் இலக்கம் மண்டலம். முதல் மூன்றும் சேர்ந்து பிரிப்பு மாவட்டம். கடைசி மூன்றும் விநியோக அஞ்சலகம். 600013 ராயபுரம், 600019 திருவொற்றியூர், 600057 எண்ணூர். கடைசி மூன்றை வெட்டி எடுத்தால் ஊர் கிடைத்துவிடும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆனால் இலக்கங்களுக்குப் பொருந்துவது தமிழெழுத்துக்குப் பொருந்துவதில்லை. எண்ணூர் என்னும் பெயரில் தமிழறிந்தவர் காண்பது நான்கு எழுத்துகள். யூனிகோடு காண்பது ஏழு குறியீடுகள், ஏனெனில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். ஆகவே 21 பைட். இணைய முகவரியில் இடும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரு பதினறும இலக்கங்களுமாக மாறுகிறது. ஆகவே 63 எழுத்துகள். இவ்வகையில் ராயபுரம் 72 எழுத்துகள் பெறும்; திருவொற்றியூர் 126 பெறும். இப்பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகளை எடுத்துத் தருமாறு பைத்தான் என்னும் நிரல்மொழியிடம் கேட்டால், எண்ணூருக்கு அது 'எண' என்று தரும். புள்ளி அடுத்த இடத்தில் இருப்பதால் விட்டுப்போகும். ராயபுரத்துக்கு 'ரா' என்று ஒரே எழுத்தைத் தரும்.

திருவொற்றியூரின் நிலை இன்னும் நுட்பமானது. அப்பெயரில் உள்ள 'வொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் இருவகையாக எழுதலாம்: ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முகவரியில் முன்னது 126 எழுத்து, பின்னது 135 எழுத்து. ஒன்றைக் கேட்டால் மற்றொன்று கிடைக்க வேண்டிய கட்டாயம் சர்வருக்கு இல்லை. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்து வந்தது. தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி எந்த வடிவில் வந்தாலும் சேர்த்த வடிவுக்கு மாற்றிக்கொள்கிறது. மீடியாவிக்கி செய்வதே முறை. இந்த இரட்டை நிலை ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இல்லை. வடசென்னையின் காசிமேட்டுக்கு உண்டு என்றே முதலில் தோன்றும், ஆனால் அங்குள்ள ஏகாரக் குறி ஒரே குறியீட்டால் ஆனது, பிரிவதற்கு எதுவுமில்லை.

ஆகவே இணைய முகவரியைக் குறி கண்டே பிரிக்க வேண்டும் என்பது பெறப்பட்டது. அதன் உறுப்புகள் எத்தனை என்பதில் இருமரபு உண்டு. 2005 ஜனவரியில் டிம் பெர்னர்ஸ் லீ, ராய் ஃபீல்டிங், லாரி மசின்டர் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆர்எஃப்சி 3986 என்னும் இணையத் தர ஆவணம் ஐந்து என்கிறது: நெறி, தளம், பாதை, வினவல், துண்டு. பைத்தான் நூலகத்தின் 'யூஆர்எல் ஸ்ப்ளிட்' இந்த ஐந்தையே தருகிறது. அதன் மூத்த உடன்பிறப்பான 'யூஆர்எல் பார்ஸ்' ஆறு தருகிறது. பதத்தின் உறுப்புகள் ஆறு எனப் பவணந்தி முனிவர் நன்னூலின் பதவியலில் வகுத்ததை இங்கே ஒப்பு நோக்கலாம். பகுதி, இடைநிலை, விகுதி, சந்தி, சாரியை ஆகிய ஐந்தும் சொல்லில் தமக்கென இடம் உடையவை. ஆறாவதான விகாரம் இடம் உடையதன்று, பிற உறுப்புகளுக்கு நேரும் மாற்றமே அது. பைத்தானின் ஆறாவது உறுப்பும் தனித்து நிற்பதன்று. பாதையின் கடைசிப் படியில் அரைப்புள்ளிக்குப் பின் வருவதை வெட்டித் தனியே வைத்ததே அது. எனினும் இவ்வொற்றுமையை மிகைப்படுத்தலாகாது. விகாரத்துக்கு உண்மையில் இணையானது சதவீதக் குறியாக்கம்தான். விகாரத்தை நீக்கிப் பார்த்தால் பகுதி தன் பழைய வடிவில் தெரிவதைப் போலவே குறியாக்கத்தை அவிழ்த்தால் ஊர்ப்பெயர் தெரியும். எப்போது அவிழ்ப்பது என்பதில்தான் ராயபுரத்தின் சிக்கல் இருக்கிறது. அது பின்னர் விரித்துரைக்கப்படும்.

ஆர்எஃப்சி 3986 ஆவணத்தின் பின்னிணைப்பில், முகவரியை ஐந்தாகப் பிரிக்கும் ஒரே வரிச் சூத்திரம் உண்டு. அதில் அடைப்புக்குறிகள் ஒன்பது இணை. வேண்டிய ஐந்து உறுப்புகளும் 2, 4, 5, 7, 9 ஆகிய இடங்களில் கிடைக்கின்றன. எஞ்சிய 1, 3, 6, 8 ஆகியவற்றில் இருப்பவை அதே உறுப்புகள்தாம், ஆனால் தத்தம் குறியோடு கூடியவை: நெறி முக்காற்புள்ளியோடு, தளம் இரட்டைச் சாய்கோட்டோடு, வினவல் கேள்விக்குறியோடு, துண்டு ஹாஷ் குறியோடு. பாதைக்கு மட்டும் குறியோடு கூடிய வடிவம் இல்லை. பிறவெல்லாம் ஓர் அடையாளத்தைக் காட்டி உள்ளே வர, பாதை ஒன்றுதான் அடையாளம் கேட்கப்படாமல் வருகிறது. மற்ற நான்கும் இல்லாத முகவரி உண்டு. பாதை இல்லாத முகவரி இல்லை, வெறுமையான பாதையே உண்டு. தளத்துக்கு முன் வரும் இரட்டைச் சாய்கோடு தேவையற்றது என்று பெர்னர்ஸ் லீ 2009இல் வருந்தியிருக்கிறார். எனினும் அதை நீக்கிவிட்டால் மூன்றாம் அடைப்புக்குறிக்கு வேலை இருந்திராது என்பதையும் கருத வேண்டும்.

இனி, எழுதப்பட்ட முகவரி வேறு, சர்வரை வந்தடையும் முகவரி வேறு. உலாவியில் இடப்படும் முழு முகவரியில் ஐந்து உறுப்புகளும் இருக்கலாம். கோரிக்கையின் முதல் வரியில் செல்பவை பாதையும் வினவலும் மட்டுமே. தளப்பெயர் தனித் தலைப்பு வரியில் செல்கிறது. துண்டு செல்வதே இல்லை. ஹாஷ் குறிக்குப் பின் உள்ளதை உலாவி தன்னிடமே வைத்துக்கொள்கிறது. கோரிக்கையிலிருந்து துண்டைப் பிரித்தெடுக்க முயலும் நிரலர் திறமைக் குறைவால் தோற்பதில்லை. அது அவரிடம் வந்து சேராததால் தோற்கிறார்.

வந்து சேர்ந்த பாதையை ஜாவாவின் சர்வ்லெட் இலக்கணம் மேலும் மூன்றாகப் பகுக்கிறது: செயலியின் பாதை, சர்வ்லெட்டின் பாதை, எஞ்சிய பாதை. இம்மூன்றின் கூட்டே கோரிக்கைப் பாதை என்று அவ்விலக்கணம் ஒரு சமன்பாடும் தருகிறது. குறியாக்க வேறுபாடுகள் நீங்கலாக என்று அதற்கு ஒரு விலக்கும் தருகிறது. கோரிக்கைப் பாதை அவிழ்க்கப்படாமல் கிடைக்கிறது. சர்வ்லெட்டின் பாதையும் எஞ்சிய பாதையும் அவிழ்த்துக் கிடைக்கின்றன. ஆகவே ஆங்கில எழுத்தில் அமைந்த பாதைகளுக்குச் சமன்பாட்டின் இருபுறமும் ஒத்திருக்கும். எண்ணூர் என்று தமிழில் எழுதிய பாதைக்கு ஒருபுறம் 63 எழுத்தும் மறுபுறம் 7 குறியீடும் இருக்கும். விலக்கு என்று சொல்லப்பட்டது தமிழுக்கு விதியாகிவிடுகிறது.

பாதையைச் சாய்கோடுதோறும் வெட்டும்போது வெறுமைகள் தோன்றும். அவை மூவகை. பாதை சாய்கோட்டில் தொடங்குவதால் அதற்கு முன் தோன்றுவது முன்வெறுமை, இது இயல்பானது. இரு சாய்கோடுகள் அடுத்தடுத்து வரத் தோன்றுவது இடைவெறுமை. இது பெரும்பாலும் இரண்டு சரங்களை ஒட்டியவர் கவனக்குறைவால் வருவது. பாதை சாய்கோட்டில் முடிவதால் அதற்குப் பின் தோன்றுவது பின்வெறுமை. இதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன. பைத்தான் மூன்று வெறுமைகளையும் பேணித் தருகிறது. ஜாவாவின் 'ஸ்ப்ளிட்' முன்வெறுமையையும் இடைவெறுமையையும் தந்து பின்வெறுமையை மட்டும் நீக்கிவிடுகிறது. பைத்தானின் இணையச் சட்டகமான ஜாங்கோ எதிர்த்திசையில் செல்கிறது: இறுதிச் சாய்கோடு இன்றி வந்த கோரிக்கைக்கு வழி கிடைக்காவிட்டால், சாய்கோட்டோடு வழி உண்டா என்று பார்த்து, உண்டானால் அங்கே திருப்பி அனுப்புகிறது. கடைசிப் பகுதியை எடு என்று எழுதப்பட்ட நிரல், இறுதிச் சாய்கோடு இருந்தால் பைத்தானில் வெறுமையை எடுத்துத் தரும். ஜாவாவில் ஊர்ப்பெயரை எடுத்துத் தரும். இரண்டும் சரியே, கேள்விதான் போதாதது.

இவ்வளவும் முன்னுரை. ராயபுரத்தின் வாசல் எண்ணுக்கு இப்போது வரலாம்.

சென்னையில் வீடுகளுக்குப் புதிய எண்கள் வழங்கப்பட்டபோது பழைய எண்கள் ஓய்வு பெறவில்லை. இரண்டும் சேர்ந்தே வாசலில் எழுதப்பட்டன. இடையே ஒரு சாய்கோடு இடப்பட்டது. 14/6 என்று எழுதியிருந்தால் புதிய எண் 14, பழைய எண் 6 என்று பொருள். பழையதை முன்னும் புதியதைப் பின்னும் எழுதுவோரும் உளர். முன்னது எது, பின்னது எது என்பதைச் சாய்கோடு சொல்வதில்லை. இதைக் காலச் சாய்கோடு எனலாம். இதே நகரில் உட்பிரிவுச் சாய்கோடும் வழக்கில் இருக்கிறது: 14ஆம் எண் வீட்டைப் பங்கிட்டபோது இரண்டாம் பங்கு 14/2 ஆயிற்று. நில அளவை எண்ணும் உட்பிரிவு எண்ணும் இவ்வாறே எழுதப்படுகின்றன. உட்பிரிவுச் சாய்கோட்டின் வலப்புறம் உள்ளது இடப்புறம் உள்ளதனுள் அடங்கியது. காலச் சாய்கோட்டின் இருபுறமும் உள்ளவை ஒன்றே; ஒரே கதவுக்கு இரு பெயர்கள்.

இணையப் பாதையில் உள்ள சாய்கோடு உட்பிரிவு வகையைச் சேர்ந்தது. ஊருக்குள் தெரு, தெருவுக்குள் வீடு என்று அது இறங்கிச் செல்லும். ஆகவே ராயபுரம், தெருப்பெயர், 14/6 என்பவற்றை அப்படியே பாதையில் இட்டால், 14ஆம் வீட்டுக்குள் 6ஆம் வீடு இருப்பதாகப் பயன்பாடு கொள்ளும். உண்மையில் இருப்பது ஒரு வீடுதான். மூன்றாம் பகுதியை எடு என்ற நிரலுக்கு 14 மட்டும் கிடைக்கும். கடைசிப் பகுதியை எடு என்ற நிரலுக்கு 6 மட்டும் கிடைக்கும். முதல் நிரல் புதிய எண்ணை ஏற்றுப் பழையதை மறக்கிறது. இரண்டாவது பழையதை ஏற்றுப் புதியதை மறக்கிறது. இரண்டும் கூரியரைச் சரியான வீட்டுக்கே அனுப்ப வாய்ப்புண்டு. ஆனால் அத்தெருவில் புதிய எண் 6 உடைய வேறொரு வீடும் இருக்கும் என்பதால் அந்த வாய்ப்பை நம்புவதற்கில்லை.

இதற்கு இலக்கணம் சொல்லும் தீர்வு, சாய்கோட்டையும் குறியாக்கம் செய்து, சதவீதக் குறியோடு 2, எஃப் என்று எழுதுவது. அப்படி எழுதினால் அது பிரிக்கும் குறி அன்று, பெயரின் உறுப்பு என்றாகும். இத்தீர்வு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: முதலில் பிரிக்க வேண்டும், பிறகே அவிழ்க்க வேண்டும். ஆர்எஃப்சி 3986 இதை ஐயமின்றிக் கூறுகிறது. ஒரே சரத்தை இருமுறை அவிழ்க்கக் கூடாது என்றும் கூறுகிறது. இந்த எச்சரிக்கை வெறும் நூலறிவு அன்று. மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வரில் பாதையை இருமுறை அவிழ்க்கும் பிழை ஒன்று 2001இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் உலகெங்கும் பரவிய நிம்டா புழு நுழைந்த வழிகளில் அதுவும் ஒன்று. முதல் அவிழ்ப்பில் தீங்கற்றதாகத் தெரிந்தது, இரண்டாம் அவிழ்ப்பில் எதிர்ச் சாய்கோடாகி, திறக்கக் கூடாத கோப்புறைக்கு வழி திறந்தது.

இத்தகைய ஆபத்து உண்டு என்பதால் சர்வர்கள் பல குறியாக்கம் செய்த சாய்கோட்டை ஐயத்தோடே பார்க்கின்றன. அப்பாச்சி சர்வர், அமைப்பு எதையும் மாற்றாதவரை, பாதையில் அத்தகைய சாய்கோட்டைக் கண்டால் 404 என்று விடை தருகிறது. அதாவது அப்படி ஒரு பக்கம் இல்லை என்கிறது. ராயபுரத்தில் வாசலும் கதவும் மின்கட்டண அட்டையும் உடைய ஒரு வீடு, அப்பாச்சியின் கணக்கில் இல்லாதது ஆகிறது. ஜாவா சர்வரான டாம்கேட் 400 என்று தருகிறது, அதாவது கோரிக்கை பிழையானது என்கிறது. வீடு இல்லை என்று அது சொல்வதில்லை, கேட்ட முறை சரியில்லை என்கிறது. இவ்விரு விடைகளில் டாம்கேட்டினுடையதே நியாயமானது. பைத்தானின் நிலை வேறு. அங்கே சர்வருக்கும் பயன்பாட்டுக்கும் இடையிலான டபிள்யூஎஸ்ஜிஐ உடன்பாட்டின்படி, பாதை அவிழ்த்தே ஒப்படைக்கப்படுகிறது. ஆகவே ஜாங்கோவின் கைக்கு வரும்போது குறியாக்கம் செய்த சாய்கோடும் செய்யாத சாய்கோடும் ஒன்றே. அதன் வழிக் குறிப்புகளில் வரும் 'எஸ்டிஆர்' வகை சாய்கோட்டை ஏற்காது. 14/6 என்ற வீட்டுக்கு வழியே கிடைக்காது. 'பாத்' வகை எல்லாச் சாய்கோட்டையும் ஏற்கும். வீட்டு எண்ணைத் தொடர்ந்து மாடி எண்ணும் வந்தால், வீடு எங்கே முடிந்தது, மாடி எங்கே தொடங்கியது என்று சொல்ல வழியில்லை.

சாய்கோட்டுக்குப் பதில் கோடிட்டு 14-6 என்று எழுதலாம் என்பது சிலர் கருத்து. 14 முதல் 6 வரை என்று அதற்குப் பொருள் கொள்ள இடமிருப்பதோடு, பதிவேட்டில் இருக்கும் வடிவத்துக்கும் தேடும் வடிவத்துக்கும் அது வேறுபாடு உண்டாக்கும். பழைய எண்ணை விட்டுவிடலாம் என்பது வேறு சிலர் கருத்து. பழைய எண்ணைத்தான் தெருவில் உள்ளவர்கள் அறிவார்கள். ரேஷன் அட்டை ஒன்றையும் மின்கட்டண அட்டை வேறொன்றையும் சொல்லும் நகரில் ஓர் எண்ணை இழப்பது ஒரு சான்றை இழப்பதாகும். இரு கருத்துகளும் ஏற்கத்தக்கன அல்ல.

ஏற்கத்தக்கது ஒன்றே. கேள்விக்குறிக்குப் பின் வரும் வினவல் உறுப்பில் சாய்கோட்டுக்குப் பிரிக்கும் அதிகாரம் இல்லை. அங்கே அதைக் குறியாக்கம் இன்றியே எழுதலாம் என்று ஆர்எஃப்சி 3986 அனுமதிக்கிறது. அப்பாச்சியும் டாம்கேட்டும் அங்கே தடை சொல்வதில்லை. ஜாங்கோவும் அதைப் பழுதின்றித் தருகிறது. ஒரு தனிக் கவனம் மட்டும் தேவை: வினவலில் கூட்டல் குறி இடைவெளியாகப் படிக்கப்படும், பாதையில் அது கூட்டல் குறியாகவே நிற்கும், ஆயினும் வாசல் எண்ணில் கூட்டல் குறி இட்டு எழுதும் வழக்கம் சென்னையில் இல்லை. ஊரும் தெருவும் பாதையில் நிற்கட்டும். பெட்டி எண்ணும் பாதையில் நிற்கலாம், அதனுள் சாய்கோடு இல்லை. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளின் முகவரிகளைக் கையாளும் பயன்பாடுகள் அனைத்தும் பழைய எண், புதிய எண் இரண்டையும் கேள்விக்குறிக்குப் பின்னால், தனித்தனிப் பெயரிட்டு, கேட்டுப் பெற வேண்டும்.